மாதா கையில் மாட்டுக் கயிறு

"ஒண்ணும் பண்ணாது" என்று சொல்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது.

நான் கால்நடை ஆய்வாளர். காடாம்புலியூரைச் சுற்றி முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊர்களில் கோமாரித் தடுப்பூசி போடுவதும், மாட்டுக் காதில் அடையாள வில்லை மாட்டுவதும் என் பிழைப்பு. ஊசியோடு போய் நின்றால், மாடு புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே, "ஒண்ணும் பண்ணாது மேடம், சும்மா கிட்ட போங்க" என்பார். அவர் போகமாட்டார். என் வலது முழங்கால், இடுப்பில் ஓர் இடம், ஒரு மூக்குக் கண்ணாடி என்று அந்த ஒற்றை வாக்கியத்துக்கு நான் இதுவரை கொடுத்திருப்பது கொஞ்சநஞ்சமில்லை. எதுவும் பண்ணமாட்டேன் என்று மாடு இவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதா என்ன?

இப்படி ஊரையெல்லாம் திட்டிக்கொண்டே போவேன். ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் பாதியில் வாயை மூடிக்கொள்வேன். காரணம், ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடலூர் முதுநகரில் எனக்கு நடந்தது. அதை அவர்கள் இத்தனை வருஷமாகத் தப்புத் தப்பாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு தடவையாவது சரியாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். (எழுதும்போதே பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.)

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். கல்யாணமாகி முதுநகருக்கு வந்து முதல் கிறிஸ்துமஸ் அது. என் கணவர் ஸ்டீபனுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவருடைய அண்ணன் லாரன்ஸ் மாமா மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் மாதா கோயிலில் எந்த விசேஷமானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். நின்றால் மட்டும் போதாது, போன வருஷத்தைவிடப் பெரிதாக எதையாவது செய்தாக வேண்டும். அந்த வருஷம் அவர் மண்டையில் உதித்தது 'லைவ் குடில்'. இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைக் காட்டும் குடிலில் பொம்மைகளுக்குப் பதிலாக ஆட்கள். மாதா, அவர் கணவர் சூசையப்பர், தேவதூதரான சம்மனசு, இடையர்கள் எல்லாரும் உயிரோடு நிற்பார்கள். மாடும் உயிரோடு நிற்கும்.

"பக்கத்துப் பங்குக் கோயில்ல போன வருசம் ஆடு கொண்டாந்தானுங்க. நாம மாடு எறக்கறோம்" என்று மத்தியானச் சாப்பாட்டின்போது அறிவித்தார்.

"என்ன மாடு மாமா?"

"நெல்லிக்குப்பத்துல நமக்குத் தெரிஞ்ச ஆளு ஏகாம்பரம். மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு போற வண்டி மாடு. வெள்ள வெளேர்னு இருக்கும். கொம்பு இந்த ஒசரம்."

கொம்பின் உயரத்தைக் காட்டத் தூக்கிய கை மின்விசிறிக்குப் போய்விடும்போல் இருந்தது.

"வேணாம் மாமா. வண்டி மாடு ஜோடியாவே இருந்து பழகினது. ஒண்ணை மட்டும் பிரிச்சுக் கொண்டாந்தா மெரளும். புது எடம், லைட்டு, சத்தம், கூட்டம். இதுல கைக்கொழந்தைய வேற அதுக்குப் பக்கத்துல படுக்க வெக்கறேன்னு சொல்றீங்க."

கைக்குழந்தை வேறு யாருடையதும் இல்லை. லாரன்ஸ் மாமாவுடையதுதான். அவர் மனைவி ஜான்சி அக்கா பெற்றுச் சில மாதங்களே ஆன பெண் குழந்தை. அதைத்தான் இயேசு பாலனாகத் தீவனத் தொட்டியில் கிடத்துவதாக ஏற்பாடு.

"நீ என்னம்மா, மாட்டு ஆஸ்பத்திரில வேல பாத்துக்கினு மாட்டப் பாத்து பயப்படற."

"அங்க வேல பாக்கறதாலதான் மாமா பயப்படறேன்."

"அது காயடிச்ச மாடும்மா. கோவமே வராது."

"காயடிச்சா பயம் போயிடுமா மாமா? முட்டற மாட்டுல பாதி பயத்துலதான் முட்டுது."

மாமியார் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். புது மருமகள் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று அந்தப் பார்வை கேட்டது. (அதே வார்த்தையை அவர் மகன் சொன்னால் தகவல். நான் சொன்னால் அசிங்கம்.)

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். ஹெல்மெட், கண்ணாடி, கனத்த ஷூ மூன்றும் இல்லாமல் கேட்டைத் தாண்ட விடாத இடத்தில் வேலை பார்க்கிற மனுஷர். அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டு, "உடு, அண்ணன் கேக்க மாட்டாரு" என்றார்.

"அவுரு கேக்கறாரா இல்லையான்றது இருக்கட்டும். நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசலாமில்ல."

அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

கடைசியில் தீர்ப்பு சொன்னது மாமியார். "இவளுக்குத்தான் மாட்டப் பத்தி எல்லாம் தெரியுதே. இவளையே மாதாவா நிக்க வெச்சுடு. மாட்டையும் பாத்துக்குவா."

எல்லாருக்கும் அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. உலகத்திலேயே மாட்டுக்குக் காவலாக நியமிக்கப்பட்ட முதல் மாதா நானாகத்தான் இருப்பேன்.

சரி, தொலையட்டும் என்று நிபந்தனை போட்டேன். ஜோடி மாட்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். மாட்டுக்காரர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மாடு குடிலுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டியிருக்க வேண்டும், ஆட்களுக்கும் அதற்கும் நடுவே மூங்கில் தடுப்பு வேண்டும். ஸ்பீக்கர் அந்தப் பக்கமே வரக் கூடாது. தொட்டியில் பொம்மைதான் இருக்க வேண்டும். லாரன்ஸ் மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நீ சொல்றபடிதாம்மா எல்லாம்" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. மாமியாரின் நீலப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலைக்குப் பின்னால் லாரன்ஸ் மாமா தன் கையால் செய்த ஒளிவட்டத்தோடு நான் கோயில் வளாகத்துக்குள் நுழைந்தேன். ஒளிவட்டம் என்றால் அட்டை இல்லை. கம்பி வளையத்தில் குட்டி பல்புகள் சுற்றி, முதுகில் பாட்டரி வைத்து, நீலம், சிவப்பு, பச்சை என்று மாறி மாறி மினுக்குகிற ஒளிவட்டம். அதை அணைக்கிற சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு மாடுதான் நின்றது.

அதுவும் குடிலுக்குள் நின்றது. கொம்பு இரண்டுக்கும் தங்க நிறப் பெயின்ட். கழுத்தில் ஜிகினா மாலை. மூங்கில் தடுப்பைக் கழற்றி, கூரை மேல் பெரிய நட்சத்திரம் நிறுத்தியிருந்தார்கள். கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. தொட்டியில் வைக்கோல் மேல், கையைக் காலை ஆட்டிக்கொண்டு, லாரன்ஸ் மாமாவின் நிஜமான குழந்தை. பக்கத்தில் ஜான்சி அக்கா அதற்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

நான் முதலில் பார்த்தது மாட்டைத்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். காது இரண்டும் பின்னால் மடங்கியிருந்தது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. வால் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இல்லை. நிற்கிற இடத்திலேயே சாணி நீராகப் போயிருந்தது. ஜோடியைத் தேடித் தேடிப் பக்கவாட்டில் தலையைத் திருப்பியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்த மாட்டு ஆளும், "பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்" என்று அதன் உடம்பு முழுக்க எழுதியிருந்ததைப் படித்திருப்பார்.

ஏகாம்பரம் படிக்கவில்லை. "கன்னுக்குட்டி மாதிரிம்மா இது. மில் வாசல்ல லாரி ஆரன் அடிச்சிக்கினே இருக்கும், இது நடுவுல நின்னு தூங்கும்" என்றார்.

"அது தெனம் பாக்கற எடம், கூட ஜோடி நிக்கும். இங்க அப்படியா? இன்னொரு மாடு எங்க?"

"அது வூட்ல கீது. உள்ள ரெண்டு மாடு நிக்க எடமில்லன்னாரு ஐயா." லாரன்ஸ் மாமாவைக் கைகாட்டினார். "ஒண்ணும் பண்ணாதும்மா. நீங்க செத்த புடிச்சிக்கினு இருங்க, ஒரு டீ சாப்ட்டு வரேன்."

சொல்லிக்கொண்டே கயிற்றை என் கையில் திணித்துவிட்டு நடந்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். கீழே விட்டால் மாடு போய்விடும் என்பது ஒரு காரணம். லாரன்ஸ் மாமா ஸ்டூல் மேல் ஏறி நட்சத்திரத்துக்கு ஒயர் கொடுத்துக்கொண்டிருந்ததும், அவரை உடனடியாகத் திட்டியாக வேண்டியிருந்ததும் உண்மையான காரணம்.

"மாமா, கீழ எறங்குங்க."

"இரும்மா, ஒரு நிமிசம்."

"இப்பவே எறங்குங்க. நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

எனக்குக் கையை ஆட்டாமல் சண்டை போட வராது. இரண்டு கையும் வேண்டும். கயிற்றைப் பிடித்திருந்த வலது கை தொந்தரவாக இருந்தது. ஆகவே கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். கை ஃப்ரீயாகிவிட்டது.

மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பால் கறக்கப் பழகும் புதுப்பெண்ணிலிருந்து சினை ஊசி முகாமுக்கு வரும் தாத்தா வரை எல்லாரிடமும் நான் ஓயாமல் ஓதுகிற பாடம். அதைச் சுற்றிக்கொண்டுதான் லாரன்ஸ் மாமாவைப் பார்த்து, "மாட்டுக்கிட்ட நிக்கறப்ப கவனம் அது மேலயே இருக்கணும் மாமா" என்றேன். சொல்லும்போது என் முதுகு மாட்டுக்கு நேராக இருந்தது. "ஆபத்துன்னா ஒதுங்கறதுக்கு எடம் இருக்கணும்" என்றேன். எனக்கு ஒரு பக்கம் மாடு, மறு பக்கம் மூங்கில் கம்பம். "அதுக்குப் பக்கத்துல கத்தக் கூடாது" என்றேன். கத்திக்கொண்டுதான் சொன்னேன். தெருவுக்கே கேட்டது என்று பின்னால் பலர் உறுதி செய்தார்கள்.

தாடி ஒட்டிய சூசையப்பராக நின்றிருந்த ஸ்டீபன், "எல்லாரும் பாக்கறாங்க, மெதுவா பேசு" என்றார். அவ்வளவு நேரத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை அது, அதுவும் எனக்கு எதிராக. எனக்கு மீதி இருந்த நிதானமும் போயிற்று. அவரை விட்டுவிட்டு ஜான்சி அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, மொதல்ல புள்ளயத் தூக்குங்க அங்கேருந்து. தூக்குங்கன்றேன் இல்ல."

அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. ஜான்சி அக்கா பதறிப்போய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கிய லாரன்ஸ் மாமாவுக்கு, கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் தம்பி பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவது பிடிக்கவில்லை. சண்டையை முடிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "சரிம்மா சரி, ஒத்திகைய ஆரம்பிப்போம்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினார்.

ஸ்பீக்கர் பெட்டி மாட்டின் புட்டத்துக்கு நேர் பின்னால் இருந்தது. மேளமும் தாளமுமாகக் கிறிஸ்துமஸ் பாட்டு இடி மாதிரி இறங்கியது.

மாடு பாய்ந்தது. வேறெங்கும் வழி இல்லாததால் தொட்டியின் மேலேயே பாய்ந்தது. பலகை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் நான் மண்ணில் உரசிக்கொண்டு போகிற சத்தம்தான். திருவிழாவுக்கென்று வளாகம் முழுக்கப் புது மணல் கொட்டியிருந்தார்கள். அது முழுவதையும் நான் போர்வையால் பெருக்கினேன். பாடகர் குழு உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரு பக்கமும் பறந்தன. சம்மனசு வேஷத்தில் இருந்த பெண், முதுகில் இறக்கையோடு மதில் மேல் ஏறிவிட்டாள். ஸ்டீபன் பின்னால் ஓடி வருவது தெரிந்தது. தாடி கழுத்துக்கு வந்திருந்தது.

கொடிமரத்தை மாடு ஒரு பக்கமாகத் தாண்டியது, நான் மறு பக்கமாகத் தாண்டினேன். கயிறு கொடிமரத்தில் மாட்டி என் கை இரண்டாக முறிந்தது மாதிரி ஒரு வலி. மூக்கணாங்கயிறு இழுத்த இழுப்பில் மாடு சுழன்று என்னை நோக்கித் திரும்பியது. அந்தத் தங்கக் கொம்புகளை அவ்வளவு கிட்டத்தில் வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அது திரும்பியதில்தான் கயிறு தளர்ந்தது. கையை உருவிக்கொண்டு உருண்டேன். மாடு என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டது.

வெகுதூரம் போகவில்லை. தெருமுனையில் கரும்பு ஜூஸ் கடை இருந்தது. கரும்பு வண்டி மாட்டுக்குப் பழகிய வாசனை. அங்கே போய் நின்று, பிழிந்து போட்ட சக்கையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம், துரத்திக்கொண்டு வந்த கூட்டத்திடம், "பாத்தீங்களா, எவ்ளோ சாதுவா நிக்குது" என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அதனால் அவர் தப்பித்தார்.

திரும்பிப் பார்த்தேன். குடிலில் தொட்டி இருந்த இடத்தில் வெறும் பலகைச் சிம்புகள். இயேசு பாலனுக்கு விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு குளம்பின் தடம் அச்சடித்தது போல் பதிந்திருந்தது. ஜான்சி அக்கா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாரன்ஸ் மாமா பாட்டை நிறுத்தக்கூட மறந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். நீலப் போர்வை, முகமெல்லாம் மணல், முழங்கை வரை தோல் உரிந்து ரத்தம். ஒளிவட்டம் மட்டும் சேதமில்லாமல் நீலம், சிவப்பு, பச்சை என்று மினுக்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு தேடியும் ஸ்டீபனுக்கு அந்தச் சுவிட்ச் கிடைக்கவில்லை. அவசரப் பிரிவில் வரிசையில் நின்றவர்கள் மறுபேச்சுப் பேசாமல் வழிவிட்டார்கள். ஒரு அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். "எப்படி ஆச்சு?"

"மாடு இழுத்துடுச்சு."

"கயித்தக் கையில சுத்தியிருந்தீங்களா?"

"ஆமா."

"என்ன வேலை பாக்கறீங்க?"

அந்தக் கேள்வி வந்திருக்கவே கூடாது. "கால்நடை ஆய்வாளர்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மினுக்கிக்கொண்டிருந்த ஒளிவட்டத்தைப் பார்த்தார். எக்ஸ்ரேவுக்கு எழுதினார். உதட்டை அவர் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கடித்துக்கொண்டார் என்பதை நான் பார்த்தேன்.

இரண்டு விரல் முறிவு. மாவுக்கட்டோடு வேலைக்குப் போனபோது, மாட்டுக்காரர்கள் "என்ன மேடம் ஆச்சு?" என்று கேட்டார்கள். பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை.

இதுதான் நடந்தது. இப்போது லாரன்ஸ் மாமா சொல்வதைக் கேளுங்கள். விருந்தாளி யார் வந்தாலும் பிரியாணி முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். "மாடு மெரண்டு ஓடுது. இவ என்னா பண்ணா தெரியுமா? கயித்த உடவே இல்ல. மாதா கணக்கா நின்னா." உடவில்லையாம். உட முடியவில்லை ஐயா. நான் நிற்கவும் இல்லை. படுத்துக்கொண்டு போனேன். அவர் கதையில் ஜோடி மாடு கிடையாது, மூங்கில் தடுப்பு கிடையாது, ரிமோட் கிடையவே கிடையாது. வருஷா வருஷம் நான் இழுபட்ட தூரம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. போன தடவை துறைமுகம் வரைக்கும் போய்விட்டேன்.

மாமியாருடைய பங்கு வேறு. கட்டுப் பிரித்த கையோடு ஒரு நாள் சிலிண்டர் போடுகிறவரிடம் வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலைகூடத் தூக்காமல், "கயித்த உட்டுட்டுப் பேசுடி" என்றார். தீர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும் அதுதான் வார்த்தை. ஸ்டீபன் கம்பெனியில்கூட அது பரவிவிட்டதாம். சூப்பர்வைசர் கத்தினால் பின்னாலிருந்து யாரோ முணுமுணுக்கிறார்களாம்.

இத்தனை வருஷம் ஜான்சி அக்கா மட்டும் இந்தக் கதைக்குச் சிரித்ததே இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு, மாமா வழக்கம்போல் ஆரம்பித்தபோது, தட்டு எடுக்க வந்தவள் நின்று, "அன்னிக்கு இவ கத்தலன்னா நம்ம புள்ள இல்ல. அதையும் சொல்லு" என்றாள்.

மாமா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து, அவள் கையிலிருந்த தட்டுகளை வாங்கித் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தார். என்னுடைய இவ்வளவு வருஷத்துக் கோபமும் அந்த இடத்திலேயே கரைந்துவிடும்போல் இருந்தது.

கரைந்திருக்கும். ஆனால் இந்த ஈஸ்டருக்கு வந்த விருந்தாளியிடம் அவர் கதையைத் திருத்திச் சொன்னார். "மாடு காத மடக்குச்சி. எனக்கு உடனே தெரிஞ்சிபோச்சி. ஜான்சி, புள்ளயத் தூக்குன்னு ஒரு சத்தம் போட்டேன் பாரு."

நான் எழுந்தேன். விரல் மடங்காத கையைத் தூக்கினேன். வாயைத் திறப்பதற்குள் மொத்த வீடும் சொல்லிவிட்டது: "கயித்த உட்டுட்டுப் பேசு."

அதிலும் எல்லாருக்கும் முந்திக்கொண்டு, பாயில் உருண்டு உருண்டு சிரித்தபடி சொன்னது, இப்போது பள்ளிக்கூடம் போகிற அந்த இயேசு பாலன்தான்.